பிளாஸ்டிக் டேப்

"பயமொண்ணும் இல்லியே கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். அதற்கு முன்னால் அரை மணி நேரம் வேறு என்னென்னவோ பேசினோம், அதெல்லாம் பாதி மறந்துவிட்டது. இந்த இரண்டு வரி மட்டும் ஆறு வருடமாகக் கூடவே வருகிறது. வேலந்தாவளம் பக்கம் வண்டியில் போகும்போது, ஹீட்டர் ரிப்பேருக்கு யார் வீட்டுக் குளியலறையிலோ ஸ்டூல் மேல் ஏறி நிற்கும்போது, சம்பந்தமே இல்லாமல் வந்து நிற்கும்.

2019-இல் விஷு முடிந்த அடுத்த ஞாயிறு, ராத்திரி ஏழு மணி. ஹீட்டரைப் போட்டால் வீடே இருண்டுவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். 10 லிட்டர், 2000 வாட். கரண்ட் கசிந்தால் லைனைத் தானே கட் பண்ணுகிற ஸ்விட்ச்தான் இ.எல்.சி.பி. பிளக்கைப் பிடுங்கினால் அது விழாமல் நிற்கிறது, சொருகி ஸ்விட்சைத் தட்டினால் விழுகிறது. தண்ணியைச் சுட வைக்கிற காயில் லீக் என்று சொல்ல அதற்கு மேல் எதுவும் வேண்டாம். கொழிஞ்சாம்பாறை போர்த் தண்ணிக்கு இது புதிதும் இல்லை. காயில் மேல் சுண்ணாம்பு அப்பிக்கொண்டே வரும். உள்ளே உண்டாகும் சூடு தண்ணிக்குள் இறங்க வழியில்லாமல் காயிலையே சுடும், ஒரு நாள் காயில் கம்பியை மூடியிருக்கும் மேல்குழாய் வெடிப்பு விடும். கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் வெள்ளைப் பொடி ஈரமாகிவிட்டால் கரண்ட் தண்ணிக்கும் தொட்டிக்கும் ஏற ஆரம்பிக்கும். போன கரண்ட் திரும்பி வரும் கரண்டோடு 30 மில்லிஆம்பியர் அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் இ.எல்.சி.பி கட் பண்ண வேண்டும். பண்ணியது. அது ஒழுங்காக வேலை செய்ததால்தான் என்னைக் கூப்பிட்டார்கள், இதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுக் காயில் பையில் இல்லை. பொள்ளாச்சிக் கடை ஞாயிறு திறக்காது. நாளைக்கு வருகிறேன் என்று பையை மூடினேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவருடைய வீட்டுக்காரருக்குக் காலில் நரம்பு இழுத்து, வைத்தியசாலையில் ஏழு நாள் உழிச்சில் சொல்லியிருந்தார்கள். அன்று நாலாவது நாள். விடியற்காலையில் ஆள் வந்து எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டுப் போவார். அப்புறம் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும். பகல் வெயிலில் பச்சைத் தண்ணியே வெந்நீர் மாதிரித்தான் வரும், ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்படி வராது. அந்த அம்மாவுக்கோ போன வருடம் கை ஒடிந்து கம்பி வைத்திருந்தது. அடுப்பில் அண்டாவை ஏற்றி இறக்கத் தெம்பில்லை. மகன் துபாயில்.

"அப்ப ராடு போட்டுக்கறேன், விடு" என்று சொல்லிக்கொண்டே பரண் மேலிருந்து ஒரு வாட்டர் ராடை எடுத்துவந்து காட்டினார். கைப்பிடி விண்டிருந்தது. வயரில் இரண்டு இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது, அதிலும் ஒரு சுற்று பிரிந்து தொங்கியது. பிளக்கில் எர்த் பின்னே இல்லை.

நான் செய்ததற்கு நியாயம் சொல்ல வேண்டுமென்றால் அந்த ராடைத்தான் சொல்வேன். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, எனக்கு நானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் கைவிரித்துவிட்டுப் போயிருந்தால் விடியற்காலை இருட்டில் ஒரு கிழவி வாளிக்குள் அதைத் தொங்கவிட்டு, சூடு வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்திருப்பார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதைவிட ஹீட்டர் தேவலை என்று நினைத்தேன். ஹீட்டர் லைனை மட்டும் இ.எல்.சி.பி-யில் சேராதபடி தனியாக மாற்றிக் கொடுத்தேன். ஒரே ஒரு ராத்திரி. நாளை வந்து பழையபடி ஆக்கிவிடலாம்.

மாற்றிவிட்டுச் சட்டம் சொன்னேன். "12 நிமிஷம் போடுங்க. லைட் அணைஞ்சதும் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பிளக்கையும் பிடுங்கிருங்க. அப்புறந்தான் டேப்பைத் திறக்கணும்." அதற்குப் பிறகுதான் அவர் பயமொண்ணும் இல்லியே என்று கேட்டது.

பயம் இருந்தது. அதனால்தானே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்? பின்னே ஏன் ஒண்ணுமில்லீங்க என்று வாயில் வந்தது? இந்த இடத்தில்தான் எப்போதும் நிற்கிறேன். ஒரு பதில், வயதானவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்பது. அது பொய். பயமுறுத்தியிருந்தால் கவனமாக இருந்திருப்பார். நிஜப் பதில், 'இருக்குங்க' என்று சொன்னால் அடுத்து 'அப்ப ஏன் சாமி மாட்டிக் கொடுத்தே' என்று கேட்பார், அதற்கு என்னிடம் சொல்ல ஒன்றும் கிடையாது என்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வேலையில் 'ஒண்ணுமில்லீங்க' என்பது பாதி மருந்து. பாதுகாப்பு வால்வில் சொட்டுகிறதே என்பார்கள், ஒண்ணுமில்லீங்க, சூடானால் தண்ணி விரியும், அதுதான் சொட்டு, அடைத்துமட்டும் வைத்துவிடாதீர்கள் என்போம். சத்தம் போடுகிறதே என்பார்கள், ஒண்ணுமில்லீங்க, உள்ளே உப்பு சேர்ந்திருக்கிறது என்போம். சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போயிற்று. பழக்கத்தில் வந்த வார்த்தைக்கு நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு நாள் தோன்றும். பழக்கத்தில் வருகிற வார்த்தையை அந்த இடத்தில் விட்டதுதான் குற்றம் என்று அடுத்த நாள் தோன்றும்.

கிளம்பும்போது இன்னொரு வேலை சொன்னார். மகன் போன லீவில் ஒரு ஸ்டீல் டேப் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. குளியலறையில் இருந்ததோ பிளாஸ்டிக் டேப். உப்புத் தண்ணி பழைய பித்தளை டேப்பை அரித்துத் தின்றுவிட்டதால் யாரோ மாட்டிவிட்டது. "இதையும் மாட்டிக் கொடுத்துரு கண்ணு." ஏழரை மணி ஆகியிருந்தது. எனக்குப் பசி. "நாளைக்கு எப்படியும் வரணுமே, அப்ப மாட்டிடறனுங்க" என்றேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குக் காயிலும் கேஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். பெரியவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுத்தானுங்களே தண்ணி புடிச்சீங்க?"

"அட, அது எங்க? பத்து லிட்டரு எந்த மூலைக்கு? எண்ணெய் போக ரெண்டு மூணு வாளி வேண்டாமா? போட்டே வெச்சிருந்தேன். அது பாட்டுக்குச் சுட்டுச்சு, நான் பாட்டுக்குப் புடிச்சேன்."

அவர் மறக்கவில்லை. நான் சொன்ன சட்டம்தான் அந்த வீட்டுக்கு ஒத்துவராத சட்டம். 10 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற 12 நிமிடம் என்று கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, எண்ணெய்க் குளியலுக்கு 10 லிட்டர் பற்றாது என்று தெரியாமல் போயிற்று. வெந்நீரைப் பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பிரித்துப் பார்க்கும் முன்னால் ஹீட்டரைப் போட்டு, தொட்டியிலிருந்து டேப்புக்கு இறங்குகிற அரை அடி ஜி.ஐ. இரும்புக் குழாயில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. மீட்டரில் குழாய்க்கும் ஈரத் தரைக்கும் நடுவே 90 வோல்ட் சொச்சம். பையிலிருந்து 100 வாட் குண்டு பல்பை எடுத்து, கரண்ட் வரும் பேஸ் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தேன். எர்த் நன்றாக இருந்தால் பளிச்சென்று எரியும். திரி மட்டும் சிவந்தது, அவ்வளவுதான். வெளியே போய் எர்த் குழியைப் பார்த்தேன். ஏப்ரல் மாத மண், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணி ஊற்றி எத்தனை வருடம் ஆயிற்றோ. கிளாம்ப் துருவேறி, ஒயர் பேருக்குத் தொட்டுக்கொண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எர்த் இருக்கிறது, கரண்ட் அளவு மீறினால் விழுகிற எம்.சி.பி இருக்கிறது, பின்னே இ.எல்.சி.பி எதற்கு என்று வயர்மேன்களே கேட்டு நான் கேட்டிருக்கிறேன். எர்த் 100 ஓம் இருந்தால், 230 வோல்ட் முழுக்க அதில் பாய்ந்தாலும் 2.3 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி அதைச் சட்டையே செய்யாது. நாள் முழுக்க அப்படியே நிற்கும், தொட்டியும் குழாயும் கரண்டோடு நிற்கும். இ.எல்.சி.பி ஒன்றுக்குத்தான் அது போதும், முந்தின நாள் சரியாக விழுந்ததும் அதனால்தான். சரியாக வேலை செய்த ஒரே பொருளைத்தான் நான் தேடிப்பிடித்து ஒதுக்கியிருக்கிறேன்.

அந்த பல்பு ராத்திரியும் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பார்த்திருந்தால் மாற்றிக் கொடுத்திருக்கவே மாட்டேன் என்று நம்புகிறேன். ராடைப் பிடுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் விடியற்காலையில் இரண்டு பாத்திரம் தூக்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். இது எனக்குத் தோன்ற நாலு மாதம் ஆயிற்று.

காயிலைக் கழற்றினேன். வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு ஓடாக உதிர்ந்தது. வளைவில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தொட்டியை அரிக்க விடாமல் துணைக்கு இருக்க வேண்டிய மெக்னீசியம் கம்பியில் நடு நரம்பு மட்டும் மிச்சம். தொட்டியை அலசி, புதுக் காயில் மாட்டி, டேப்பில் காற்றில்லாமல் தண்ணி ஒழுங்காக வருகிற வரைக்கும் ஓடவிட்டு, அப்புறம் ஸ்விட்ச் போட்டேன். இ.எல்.சி.பி-யைப் பழையபடி சேர்த்து, டெஸ்ட் பட்டனை மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன், ஒரு தடவையே போதும். எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கிளாம்ப் மாற்றி, நாலு குடம் ஊற்றினேன்.

கடைசியாக ஸ்டீல் டேப். பிளாஸ்டிக் டேப்பைத் திருகிக் கழற்றும்போது கை கொஞ்சம் தடுமாறியது. முந்தின நாள் எனக்குப் பசி இல்லாமல் இருந்திருந்தால், விடியற்காலை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அந்த அம்மா பிடித்துத் திருகியிருப்பது இந்த ஸ்டீலை. காயிலைக் கொன்ற அதே உப்புத் தண்ணிதான் பித்தளையைத் தின்று அங்கே பிளாஸ்டிக்கையும் கொண்டுவந்திருந்தது. என்னுடைய எந்த யோசனையும் அந்த வீட்டைக் காப்பாற்றவில்லை.

சொல்லவில்லை. எதையும் சொல்லவில்லை. "எர்த்தும் கொஞ்சம் பாத்துவிட்டேனுங்க" என்றேன். காயிலுக்கும் கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டேன், எர்த் வேலைக்கு வாங்கவில்லை. அவர் என்னை நல்ல மனுஷன் என்று நினைத்து ஒரு பை மாம்பழம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டேன். சொன்னால் கிழவி கலங்கிப்போவார் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். வயர்மேன் பெர்மிட் போய்விடும் என்பதும் கூடவே வந்தது. எது முன்னால் வந்தது என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் இ.எல்.சி.பி-யை ஒதுக்கியதில்லை. ஒரு தடவை தவிர. அது கைக்குழந்தை வீடு, விவரம் வேண்டாம். பல்பு வைத்துப் பார்த்தேன், எர்த் நன்றாக இருந்தது, ராத்திரி முழுக்க நானும் தூங்கவில்லை. எர்த் நன்றாக இருந்ததால் செய்தது சரியாகிவிடுமா என்று கேட்டால், மேலே நானே எழுதியிருக்கிற கணக்கைப் பார்த்தால் தெரியும், எந்த எர்த்தையும் அப்படி நம்பிவிட முடியாது. இப்போது கடையில் ஒரு பழைய 6 லிட்டர் ஹீட்டரைத் தயார் செய்து வைத்திருக்கிறேன், அவசரத்துக்கு இரவல் கொடுக்க. அதையும் யாராவது கொண்டுபோயிருக்கும் அன்றுதான் அவசரம் வரும்.

அந்த அம்மா வருடா வருடம் சர்வீசுக்குக் கூப்பிடுகிறார். அக்கம்பக்கத்திலும் என் நம்பரைத்தான் கொடுக்கிறார், நம்பி விடலாம் என்று. இந்த விஷுவுக்கு முன்னாலும் போனேன். தொட்டியை அலசி மூடியதும் பின்னால் வந்து நின்று கேட்டார்.

"பயமொண்ணும் இல்லியே கண்ணு?"

"இருங்க, பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று பையைத் திறந்து பல்பைத் தேடினேன். நான் வெளியே போய் எர்த் குழியில் தண்ணி ஊற்றி, உள்ளே வந்து மீட்டரை எடுக்கும்வரை அவர் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முந்தியெல்லாம் கேட்டதும் டக்குன்னு சொல்லுவே" என்றார். "உனக்கும் வயசாகுது போல."