தலைகீழாக நிற்கும் தூண்கள்

இங்கிலாந்தின் ஹார்மண்ட்ஸ்வொர்த் தானியக் களஞ்சியத்தின் உட்புறப் படம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. தூண்களின் தலையைப் பாருங்கள், அடியைவிட மேலேதான் பருமன் அதிகம்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வின்செஸ்டர் கல்லூரிக்காக 1426 வாக்கில் எழுப்பிய ஓக் மரக் கட்டடம். நீளம் சுமார் 58 மீட்டர்.

மரத்தின் வேர்ப்பக்கம் இயல்பாகவே அகன்றிருக்கும். அதை மேலே வைத்தால் நெடுக்கு உத்தரம், குறுக்கு உத்தரம் இரண்டும் ஒரே தூணின் தலையில் பிடிப்பாக உட்காரும். எவ்வளவு தெளிவான தச்சு அறிவு!

அக்காலத் தச்சர்கள் பச்சை ஓக்கையே இழைத்தார்கள். காய்ந்தால் இரும்பாக இறுகி உளி இறங்காது. மூட்டுகளில் மர ஆணிதான். ஒரு மரத்தின் முனையில் செதுக்கி மற்ற மரத்தின் குழிக்குள் செருகும் பகுதிதான் நாக்கு. அதில் போடும் துளையை, குழியுள்ள மரத்தின் துளைக்கு நேராக இல்லாமல், சில மில்லிமீட்டர் தோள்பக்கமாக, அதாவது நாக்கு தொடங்கும் விளிம்பை நோக்கி, தள்ளிப் போடுவார்கள். ஆணி இறங்கும்போது மூட்டு இழுபட்டு நெருங்கும். துளையை அதிகம் தள்ளினால் ஆணி முறியும் அல்லது நாக்கு பிளக்கும்.

இத்தகைய கட்டடங்களில் முதலில் கெடுவது தூணின் அடி. மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் கல் மேல் நிறுத்துகிறார்கள். பழுது பார்ப்பதாகச் சொல்லி அடியைச் சுற்றி சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். தயவுசெய்து சுண்ணாம்புச் சாந்து மட்டும்.