அட் த ஸேம் டைம்: நாலே வார்த்தை, ஒரு வலது முன்பக்கம்

வலது முன்பக்கம் ஒருவழியாக ஊசியை விட்டு இறங்கிவிட்டது. இடது முன்பக்கத்தின் மேல் முகத்தோடு முகமாகக் கவிழ்த்துப் போட்டால் கக்கத்து வளைவும் கழுத்துச் சரிவும் ஓரம் பிசகாமல் பொருந்துகின்றன. வீட்டில் காட்டினால் "சரி, நல்லா இருக்கு, கை எங்கே?" என்கிறார்கள். இதில் என்ன பெருமை என்று பின்னுகிறவர்களுக்குத்தான் புரியும், அதனால் இங்கே அளந்துகொள்கிறேன்.

விஷயம் ஒரு வி-கழுத்து கார்டிகன். மாமியார் டிசம்பரில் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வருகிறார். புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள முன்பக்கம் திறக்கிற மாதிரி வேண்டும், தலைவழியாக மாட்டுவதெல்லாம் கொண்டையைக் கலைக்கும் என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பேட்டர்ன் காசு கொடுத்து இறக்கியது, அமெரிக்கப் பேட்டர்ன். படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் எழுத்து பஞ்சாங்கம் மாதிரி. தெரிந்தவருக்கு ஒரு வரியில் எல்லாம் அடங்கியிருக்கும், மற்றவர்கள் முழிக்க வேண்டியதுதான்.

முதுகுப் பக்கத்தில் சொல்ல ஒன்றுமில்லை, ரயில் பயணத்தில்கூடப் பின்னலாம். வம்பு முன்பக்கத்தில்தான். மார்பு வரை நேராக ஏறி வந்தாயிற்று, என் அளவுக்கு 52 கண்ணி. அங்கே இடது முன்பக்கத்துக்குப் பேட்டர்ன் சொல்வது இவ்வளவுதான்: சீதா வரிசையின் (முகப்புப் பக்கம் பார்த்துப் பின்னும் வரிசை) ஆரம்பத்தில் 6 கண்ணியைக் கட்டி முடி. கக்கத்து ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் 7 முறை ஒவ்வொரு கண்ணி குறை, அட் த ஸேம் டைம் (அதே நேரத்தில்), கழுத்து ஓரத்தில் ஒவ்வொரு 4-வது வரிசையிலும் 15 முறை குறை, 24 கண்ணி மிஞ்சும், கக்கம் 22 சென்டிமீட்டர் வரும்வரை நேராகப் போ. அப்புறம் வலது முன்பக்கம் என்று ஒரு தலைப்பு, அதன்கீழே "இடதைப் போலவே, ஷேப்பிங்கை ரிவர்ஸ் செய்யவும்." குறைப்புகளை இடவலம் மாற்றிச் செய் என்று அர்த்தம். அவ்வளவுதான், முற்றுப்புள்ளி! ஒரு முழு முன்பக்கத்துக்கும் அரை வரி. பொத்தானை எப்படித் தைப்பது என்று மட்டும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பேட்டர்னாவது அந்த நாலு வார்த்தையைப் பெரிய எழுத்தில், அதே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. தர்யாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை (2019-க்கு அப்புறம் அது ஆசஃப் அலி ரோட்டில் மகிளா ஹாட்டுக்குப் போய்விட்டது) பக்கம் போனால் பழைய பிரிட்டிஷ் பின்னல் புத்தகங்கள் கிலோ கணக்கில் கிடைக்கும், அவற்றில் சிலதில் இது அடுத்த பத்தியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். கக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மூச்சு விடும்போதுதான் கழுத்தை எப்போதோ ஆரம்பித்திருக்க வேண்டும் என்று தெரியவரும். ஊசியைத் தொடுவதற்கு முன்னால் தோள்வரை படித்துவிட வேண்டும் என்பதற்கு அந்தப் புத்தகங்களே போதும்.

இதை அவிழ்க்க நான் செய்வது முதலில் ஒரு கழித்தல். நூலைத் தொடக்கூட வேண்டாம். 52-இல் 6 போனால் 46, மிஞ்ச வேண்டியது 24, ஆக 22 கண்ணி எங்கேயோ குறைய வேண்டும். 7-ஐயும் 15-ஐயும் கூட்டினால் 22. கணக்கு உதைக்கவில்லை, பேட்டர்னில் பிழை இல்லை, நான் புரிந்துகொண்டதும் சரி. இந்த ஒரு கழித்தல் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். குறிப்பாக பிரிட்டிஷ் பேட்டர்னில் "நெக்ஸ்ட் அண்ட் ஃபாலோயிங் 6 ஆல்ட் ரோஸ்" என்று வரும்போது ஆறா ஏழா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வரிசையில் ஒன்று, அதைத் தொடர்ந்து ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஆறு, மொத்தம் ஏழு. சந்தேகமிருந்தால் மிஞ்சும் கண்ணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

அடுத்தது உயரம். டென்ஷன், அதாவது பின்னலின் நெருக்கம், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, 30 வரிசை. அப்படியானால் 22 சென்டிமீட்டர் கக்கத்துக்கு 66 வரிசை. நாலு வரிசைக்கு ஒன்றாக 15 முறை என்றால் 60 வரிசை, மேலே கொஞ்சம் நேராக மிஞ்சும். பொருந்துகிறது. ஒருவேளை உங்கள் கை தளர்வாகப் பின்னி வரிசைக் கணக்கு மாறினால் மாட்டுவது இந்த இடத்தில்தான். கண்ணிக் கணக்கு சரியாக இருந்தாலும் வரிசைக் கணக்கு உதைத்தால் கழுத்து முடிவதற்குள் தோள் வந்து நிற்கும். டென்ஷன் பார்க்கிறேன் என்று அகலத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து உயரத்தையும் அளங்கள்.

இப்போது தாள். பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு போதும். நாலு கட்டம்: வரிசை எண், கக்கம், கழுத்து, மீதி. வரிசை 1-இல் 6 கண்ணி கட்டி முடிக்கிறோம், மீதி 46. கக்கக் குறைப்பு ஒன்றுவிட்டு ஒன்று என்பதால் 3, 5, 7, 9, 11, 13, 15 ஆகிய வரிசைகளில் ஏழும் முடிந்துவிடும். கழுத்துக்குத்தான் தகராறு. "ஒவ்வொரு 4-வது வரிசை" என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் வரிசை 4, அது உல்டா வரிசை. பின்பக்கத்திலிருந்து குறைக்க யாருக்கு ஆசை? வடிவமைத்தவர் மனதில் இருப்பது குறைப்பு வரிசை ஒன்று, நடுவில் மூன்று வரிசை சும்மா, மறுபடி குறைப்பு வரிசை. முதல் குறைப்பை எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை. நான் 5-இல் வைத்தேன். அப்படியானால் 5, 9, 13, 17 என்று போய் பதினைந்தாவது குறைப்பு 61-இல் வரும், மேலே ஐந்து வரிசை நேராகப் போய் 66-இல் முடியும். வரிசை 1-இலேயே தொடங்கினாலும் தப்பில்லை, கழுத்து ஒரு நூலிழை சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். எங்கே வைத்தாலும் இரண்டு முன்பக்கத்திலும் அதே இடத்தில் வைக்க வேண்டும், அதற்காகத்தான் தாளே.

எழுதிப் பார்த்தால் பூதம் மாதிரி மிரட்டிய வாக்கியம் எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. இரண்டு குறைப்பும் சேர்ந்து வருவது 5, 9, 13 என்ற மூன்றே வரிசைகளில். 15-க்கு அப்புறம் கக்கம் கழன்றுகொள்ளும், 36 கண்ணி கையில் இருக்கும், மிச்சமெல்லாம் நாலுக்கு ஒன்று. மீதிக் கட்டம் இப்படி ஓடும்: 46, 45, 43, 42, 40, 39, 37, 36. எந்த வரிசையின் முடிவிலும் எண்ணி ஒத்துப் பார்க்கலாம். வரிசை எண்ணும் அந்தச் சின்ன உருளை என்னிடமும் இருக்கிறது, ஆனால் நடுவில் குக்கர் விசிலடித்து எழுந்துபோனால் அதைத் திருகினோமா இல்லையா என்ற சந்தேகம் தீராது. பென்சில் டிக் அப்படி ஏமாற்றாது.

பேட்டர்னில் அடைப்புக்குறிக்குள் வரும் மற்ற உடல் அளவுகளுக்கான எண்களையெல்லாம் பிரதி எடுத்த தாளில் கறுப்பு மையால் அடித்துவிட்டேன். வட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வட்டம் போதாது, கண்ணில் படவே கூடாது.

சரி, ரிவர்ஸ். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி யோசி என்கிறார்கள், எனக்கு அப்படி யோசித்தால் தலைதான் சுற்றுகிறது. துண்டை மேஜையில் முகப்பு மேலே இருக்கும்படி போட்டுப் பார்ப்பதே மேல். இடது முன்பக்கத்தில் கக்கம் வலப்பக்கம் இருக்கும், அதாவது சீதா வரிசை கக்கத்தில் ஆரம்பித்துக் கழுத்தில் முடிகிறது. வலது முன்பக்கத்தில் சீதா வரிசை கழுத்தில் ஆரம்பித்துக் கக்கத்தில் முடிகிறது. கண்ணியைக் கட்டி முடிப்பதை வரிசையின் ஆரம்பத்தில்தான் செய்ய முடியும். ஆகவே வலதில் அந்த 6 கண்ணி வரிசை 1-இல் முடியாது, வரிசை 2-இல், உல்டாப் பக்கம் பின்னும்போதுதான். பேட்டர்ன் இதை மூச்சுவிடவில்லை. அந்த ஒரு வரிசை வித்தியாசத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, தைக்கும்போது தெரியாது. மற்ற குறைப்பெல்லாம் அதே எண்களில், 3, 5, 7 என்று அப்படியே. தோளிலும் இதே கதை, அங்கேயும் ஒரு வரிசை தள்ளிப்போகும்.

குறைப்பின் சாய்வும் உண்டு. பேட்டர்ன் இடது பக்கத்துக்குக் கக்கத்தில் எஸ்எஸ்கே (இடப்பக்கம் சாயும் குறைப்பு), கழுத்தில் கே2டுகெதர் (இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னுவது, வலப்பக்கம் சாயும்) என்று ஓரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. வலதுக்கு அதையும் மாற்ற வேண்டும். ஓரத்தின் பெயரை மறந்துவிடுங்கள்: சீதா வரிசையின் ஆரம்பத்தில் இரண்டு கண்ணி விட்டு எஸ்எஸ்கே, முடிவில் நாலு கண்ணி இருக்கும்போது கே2டுகெதர், எந்தத் துண்டானாலும் இதுதான். கோடு இரண்டு பக்கமும் ஓரத்தை ஒட்டியே சாய்ந்து ஏறும். எனக்கு இந்தக் கார்டிகனிலேயே பிடித்த இடம் அந்தக் கழுத்துக் கோடுதான், கயிறு பதித்த மாதிரி தெளிவாக ஏறுகிறது.

மாடிவீட்டு ஆன்ட்டி ஜி என் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். அவர் பஞ்சாபி, மொட்டைமாடி வெயிலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால் மாலைக்குள் ஒரு குழந்தை ஸ்வெட்டருக்கு முதுகு முடிந்திருக்கும். "அரே பேட்டா, தோனோ தரஃப் சே கடாதே ஜாவோ, பஸ்" என்றார். இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டே போ, அவ்வளவுதானாம். அவர் கைக்கு அது போதும், பேரனை நிறுத்திவைத்து அளந்து அளந்து பின்னுகிறார். என் மாமியார் கும்பகோணத்தில் இருக்கிறார், நான் யாரை நிறுத்திவைப்பேன்?

ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன், தில்லியில் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும். அமெரிக்கப் பேட்டர்னில் 6 என்று போட்டிருந்தால் அது 4 மில்லிமீட்டர். லஜ்பத் நகரிலோ கரோல் பாகிலோ போய் ஆறு நம்பர் சலாய் (பின்னல் ஊசி) கேட்டால் எடுத்துக் கொடுப்பது 5 மில்லிமீட்டர், ஏனென்றால் நம் ஊர்க் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்தான் ஓடுகிறது, அதில் எண் கூடக் கூட ஊசி மெல்லிசு. 4 மில்லிமீட்டர் வேண்டுமானால் எட்டு நம்பர் கேட்க வேண்டும், பார்டருக்கு 3.25 வேண்டுமானால் பத்து நம்பர். அமெரிக்க எட்டோ 5 மில்லிமீட்டர். 6-உம் 8-உம் இப்படி இடம் மாறி நிற்பது போதாதென்று ஊசியின் தலையில் மில்லிமீட்டர் பொடி எழுத்தில் இருக்கும். துளை போட்ட அளவு அட்டை ஒன்று பையில் இருந்தால் கடைக்காரரிடம் வாதாட வேண்டாம்.

நூல் சதர் பஜாரில் வாங்கியது, அக்ரிலிக், மயில்கழுத்து நிறம். துவைப்பது மாமியார் வீட்டு மெஷின் என்பதால் மெரினோ ஆசையை அடக்கிக்கொண்டேன். ஒரே சாயத் தொகுதியைக் காட்டும் லாட் எண்ணைப் பார்த்து மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். "அதே கலர்தான் ஜி" என்று டியூப்லைட் வெளிச்சத்தில் சொல்வார்கள், வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால்தான் தெரியும். அப்புறம், அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள், சூடு பட்டால் தொய்ந்துபோய்த் துணி செத்துவிடும்.

இதை முடிக்கும் முன்பே அடுத்ததற்கு மனசு ஓடுகிறது. ஜப்பானியப் பேட்டர்ன் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். மொழி தெரியாது, ஆனால் அங்கே பின்னல் குறியீடுகளுக்கு ஜிஸ் என்ற தேசியத் தரமே இருக்கிறது, எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே குறிகள். துண்டின் படத்தை வரைந்து ஓரத்தில் 2-1-7 என்று போட்டிருப்பார்கள்: இரண்டு வரிசைக்கு, ஒரு கண்ணி, ஏழு முறை. எதிர் ஓரத்தில் 4-1-15. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒரே படத்தில் எதிரெதிரே நிற்கும்போது அட் த ஸேம் டைம் என்று யாரும் கத்தத் தேவையில்லை. நான் என் நோட்டில் கட்டம் போட்டுக் கண்டுபிடித்ததை அவர்கள் ஓரத்தில் மூன்று எண்ணாக எழுதிவைத்திருக்கிறார்கள், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் கை இருக்கிறது, பொத்தான் பட்டி இருக்கிறது. மரப் பொத்தான் மாட்டலாமா என்று யோசனை, மாமியாருக்குச் சிப்பிப் பொத்தான்தான் பிடிக்கும் என்று இவர் சொல்கிறார். கைக்கான பக்கத்தைப் படித்துவிட்டேன். 6-வது வரிசையில் கூட்டு, அப்புறம் 8-வது வரிசையில் கூட்டு என்று இருக்கிறது, அதற்கும் ஒரு தாள் போட்டாயிற்று. இரண்டு கையும் ஒரே மாதிரி, ரிவர்ஸ் கிடையாது. அதனால் நீள வட்ட ஊசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டு உருண்டையிலிருந்து ஒரே நேரத்தில் பின்னப்போகிறேன். நூல் சிக்குமே என்று சொல்லாதீர்கள், தெரியும்.