கஜாவுக்குப் பிறகு பிள்ளைகளிடம் எதைக் கேட்பது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது நான் வேதாரண்யம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர். முதல் சில வாரங்கள் வெட்டுக்காயம், வயிற்றுப்போக்கு என்றே போயின. அப்புறம்தான் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளும், எப்போதோ நின்றுபோன படுக்கையில் சிறுநீர் போவது மறுபடி ஆரம்பித்த பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். ஒரு பையனுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது முறை அவன் அம்மா, "தகரம் படபடன்னாலே கட்டிலுக்கு அடியில போயிடுறான் டாக்டரம்மா" என்றபோதுதான் உறைத்தது.

புயலின் பயம் தங்கிவிட்ட பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் தேட உட்கார்ந்தேன். எஸ்டிக்யூ (SDQ) என்ற தாளில் 25 கேள்விகள், தமிழிலும் உண்டு, பெற்றோரே நிரப்பலாம். ஆனால் அது பிள்ளையின் பொதுவான மனநிலையையும் நடத்தையையும்தான் காட்டும், புயல் மனதில் தங்கியிருக்கிறதா என்று கேட்காது. சிறுவயதில் பட்ட துன்பங்களைக் கேட்கும் ஏசிஇ (ACE) தாளின் 10 கேள்விகள் பெரியவர்கள் தங்கள் சிறுவயதைத் திரும்பிப் பார்த்துச் சொல்வதற்காக வந்தவை, கேட்பதும் வீட்டுக்குள் நடந்ததை. பாலியல் துன்புறுத்தலும் அதில் வரும். பிள்ளை ஆம் என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதற்கு எந்த ஏற்பாடும் இல்லாமல், வராந்தாவில் வரிசை நிற்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பது பெரிய தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசியில் எடுத்தது க்ரைஸ்-8 (CRIES-8), அதிர்ச்சியான ஒரு நிகழ்வு பிள்ளையின் மனதில் தங்கியிருக்கிறதா என்று கேட்கும் தாள். எட்டே கேள்வி, 8 வயதும் அதற்கு மேலும், கட்டணம் கிடையாது. கடந்த 7 நாளில் அந்த நிகழ்வின் நினைப்பு தானாக வருகிறதா, அதை ஒதுக்கப் பார்க்கிறாயா என்று கேட்கும். இல்லவே இல்லை 0, எப்போதாவது 1, சில சமயம் 3, அடிக்கடி 5. கூட்டினால் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான், அதை வைத்தே நோய் என்று எழுதிவிடக் கூடாது.

சரி, இடறியது விடைகளில்தான். எப்போதாவதுக்கும் சில சமயத்துக்கும் பிள்ளைகளுக்கு வித்தியாசமே பிடிபடவில்லை. எங்கள் நர்ஸ் அக்கா மேசையில் புளியங்கொட்டைகளை 1, 3, 5 என்று குவித்து, பக்கத்தில் 0-க்காக ஓரிடத்தைக் காலியாக விட்டு, "எது மாதிரி வருது, தொட்டுக் காட்டு சாமி" என்றார். கேள்வியின் வார்த்தைகளில் கை வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போகும் பையன் ஐந்து கொட்டைக் குவியலை நான்கு தடவை தொட்டான், ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பார்க்காமல். மொத்தம் 26. மாவட்ட மனநலக் குழு வரும் நாளுக்கு அவன் பெயரை முதலில் எழுதினேன். அவன் தங்கைக்கு ஆறு வயதுதான், இந்தத் தாள் பொருந்தாது. அவளுக்காக அம்மாவோடு தனியாக உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினோம்.