ஈரக் காகிதங்கள்: பள்ளிக்கரணை நாட்குறிப்பு

7 டிசம்பர் 2023, வியாழன்

திங்கட்கிழமை இரவே மழை ஓய்ந்துவிட்டது. மிக்ஜாம் புயலும் செவ்வாயன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. ஆனால் பள்ளிக்கரணையில் நாங்கள் இறங்கிய தெருவில் தண்ணீர் இன்னும் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. திருவல்லிக்கேணியிலிருந்து ஐந்து பேர், ஒரு குட்டி யானை வண்டியில் குடிநீர் கேன்கள், பிரெட், பால்பவுடர், மெழுகுவத்தி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வேளச்சேரியைத் தாண்டுவதற்கே பத்தாகிவிட்டது. பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைகிற நாட்கள் என்பதால் பால்பவுடர்தான் முதலில் தீர்ந்தது.

நாலு நாளாகியும் தண்ணீர் ஏன் வடியவில்லை என்று எங்கள் குழுவின் கல்லூரிப் பையன் கேட்டான். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரெல்லாம் வந்து சேர்கிற தாழ்ந்த இடம் இந்தச் சதுப்பு நிலம். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே கோவளம் பக்கம் போய்த்தான் அது கடலைச் சேர வேண்டும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு நிலத்தின் ஓரத்தையே வீட்டுமனைகளாக்கிய பிறகு, தண்ணீர் தன் பழைய இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றேன். பக்கத்து மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "அதெல்லாம் சரி சார், மனை வாங்கும்போது யாரும் சொல்லலியே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

9 டிசம்பர், சனி

இன்று குழுவுக்குள் ஒரு சின்னச் சண்டை. எங்கள் தெருவில் திரட்டிய பழைய துணி பதினோரு மூட்டை சேர்ந்திருந்தது. அதை ஏற்றக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரமெல்லாம் பழந்துணி குவிந்து, மழையில் நனைந்து, மாடு மிதித்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் குவியலில் கம்பளிச் சட்டைகூட இருந்தது. வீட்டையும் ஆளையும் இழந்து நின்ற மீனவப் பெண்கள் அந்த மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடுப்பவர் அலமாரியைக் காலி செய்வதற்குப் பெயர் உதவி அல்ல.

கடைசியில் ஒரு வழி கண்டோம். துணியை விட்டுவிட்டு, தெருவில் ஐம்பது வீட்டில் என்ன வேண்டும் என்று கேட்டுப் பட்டியல் எடுத்தோம். அரிசி கேட்டவர்கள் நான்கைந்து பேர்தான். விளக்குமாறு, தண்ணீர் தள்ளும் வைப்பர், பிளீச்சிங் பவுடர், உள்ளாடை, நாப்கின், போன் சார்ஜ் போட பவர்பேங்க், இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. நாப்கின் வேண்டும் என்பதை ஒருத்திகூட எங்களிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் குழுவிலிருந்த பெண் தனியாகப் போய்க் கேட்டதால்தான் தெரிந்தது.

10 டிசம்பர், ஞாயிறு

தண்ணீர் இறங்கிவிட்டது, சேறு தங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இடுப்பளவில் ஒரே மட்டமாகப் பழுப்புக் கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரில் டிசம்பர் 3-ஆம் தேதித் தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருக்கிறது.

சேறு அள்ளுவதற்கும் ஒரு முறை உண்டு என்பதை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மெயின் சுவிட்சை நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்து வெளியே தள்ளி, தரையை இரண்டு தடவை கழுவிவிட்டுக் கடைசியில்தான் பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். சேற்றின் மேலேயே பவுடரைத் தூவினால் அதன் வீரியமெல்லாம் அந்த அழுக்கிலேயே செத்துப்போகும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்துவிட்டால் எழும் வாயு நெஞ்சை அடைக்கும். செருப்போடு வந்த இரண்டு பேரைக் காலில் காயம் இருந்ததால் திருப்பி அனுப்பினோம். எலிக்காய்ச்சல் பயம்தான், முகாம் டாக்டர் எங்களுக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்.

ஆறாவது வீடு ஒரு தையற்காரம்மாவுடையது. முன்னறையில் மிஷின், பின்னறையில் படுக்கை. பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்ததும் தண்ணீரும் சேறும் காலில் கொட்டின. அவர் எதையும் பார்க்கவில்லை. கையை விட்டு ஒரு துணிக்கடைப் பிளாஸ்டிக் பையைத்தான் தேடி எடுத்தார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், கல்யாண போட்டோ, ஒரு நோட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே அடையாக ஒட்டியிருந்தன. அவற்றை வெயிலில் பிரித்துப் போடப் போனார். "அம்மா, இப்பப் பிரிக்காதீங்க, கிழிஞ்சிடும்" என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன்.

ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தோரு ஆண்டு கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அந்த அனுபவத்துக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நினைத்ததில்லை.

13 டிசம்பர், புதன்

அந்தத் தெரு முனையிலிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு பெரிய மேசை கிடைத்தது. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறேன். முதல் நாள் நான்கு வீட்டார் பை கொண்டுவந்தார்கள். நேற்று முப்பதுக்கும் மேல்.

நனைந்த காகிதத்தை இரண்டு நாளுக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். இங்கே ஒரு வாரம் கடந்துவிட்டதால் கரும்புள்ளி விழுந்தவையே அதிகம். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சேறு படிந்த காகிதக் கட்டை ஒரு தட்டில் வைத்துச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஓரம் தானாக விலகும் இடத்தில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நுழைத்துப் பிரித்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மணிக்கொருமுறை தாளை மாற்றி, ஃபேன் காற்றில் நிழலில் உலர்த்துகிறோம். வெயிலில் போட்டால் காகிதம் சுருண்டு மொறுமொறுத்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோக்கள் மட்டும் காயவே கூடாது. தண்ணீரிலேயே கிடந்து தாமாக விலக வேண்டும். தையற்காரம்மாவின் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை பிழைத்தார், மணப்பெண்ணின் முகம் பாதி கரைந்துவிட்டது. "பரவாயில்ல, நான் இங்க இருக்கேனே" என்றார்.

லேமினேட் செய்தால் பத்திரம் என்று நம்பியவர்களுக்குத்தான் அதிக நஷ்டம். ஓரத்தில் ஊசி முனையளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்துவிடுகிறது, வெளியே வர வழியில்லை. மீட்க முடியாத சான்றிதழ்களுக்கு மாற்றுப் பிரதி தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்துகிறது. ஆனால் அதற்கும் எண் வேண்டும். எழுத்து மங்கிய தாளிலிருந்து பதிவெண்ணையும் ஆண்டையும் சாய்வான டார்ச் வெளிச்சத்தில் படித்து எழுதிக்கொடுப்பதே எங்கள் வேலையில் பாதி. கல்லூரிப் பையன் இதில் என்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டான்.

17 டிசம்பர், ஞாயிறு

அரசு அறிவித்த 6000 ரூபாய் இன்றுமுதல் ரேஷன் கடைகளில் வழங்கப்படுகிறது. டோக்கன் வாங்கியவர்கள் விடிவதற்குள் வரிசையில் நின்றார்கள். ஸ்மார்ட் கார்டு என்பதால் சேற்றில் கிடந்தும் அது பிழைத்தது என்று ஒருவர் முத்தமிட்டுக் காட்டினார். இந்தத் தொகையில் தையற்காரம்மாவுக்கு மிஷின் மோட்டார் வந்துவிடும்; மெத்தையும் பீரோவும் வராது.

அவருடைய நோட்டு காய்ந்துவிட்டது. ஒரு பக்கத்தில் வாடிக்கையாளர்களின் அளவுகள், எதிர்ப்பக்கத்தில் அவர்கள் தர வேண்டிய பாக்கி. அளவுகளை அவர் சாதாரண பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார். ஓர் எழுத்தும் போகவில்லை. கணக்கை அழகாக எழுதித்தருகிறேன் என்று மகள் ஜெல் பேனாவால் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கம் முழுவதும் நீலப் புகை. யாருடைய மார்பளவு என்ன என்று தெரிகிறது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியவில்லை.

19 டிசம்பர், செவ்வாய்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மிதக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் குழுவில் மூவர் இன்றிரவே கிளம்புகிறார்கள். போகத்தான் வேண்டும். இந்தத் தடவை அவர்களுக்கு நான் துணி மூட்டையைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையனே பட்டியலை அச்சடித்து வைத்திருந்தான்.

ஆனால் நேற்றுவரை இங்கே வந்துகொண்டிருந்த நன்கொடைப் போன்கள் ஒரே நாளில் நின்றுவிட்டன. இந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கழுவவில்லை. மேசைக்கடியில் பிரிக்காத பைகள் ஒன்பது இருக்கின்றன. நான் போகவில்லை.

30 டிசம்பர், சனி

கடைசிப் பையையும் இன்று ஒப்படைத்தேன். அது ஒரு கிழவருடைய நிலப் பத்திரம். முத்திரைத்தாளின் பச்சை அப்பியிருந்தாலும் சர்வே எண் தெளிவாக இருந்தது.

திரும்பும் வழியில் தையற்காரம்மா வீட்டில் மிஷின் சத்தம் கேட்டு நின்றேன். பொங்கல் ரவிக்கைகள் குவிந்திருந்தன. பாக்கி வைத்தவர்களில் நாலு பேர் தாமாகவே வந்து தொகையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். ஒருவர் மட்டும் எப்போதோ கொடுத்துவிட்டதாகச் சாதிக்கிறார். "அவங்க அளவு எங்கிட்ட இருக்குது சார், வராமலா போயிடுவாங்க" என்றார். புதிய நோட்டு ஒன்று வாங்கி, அதன் முதுகில் நூலால் பால்பாயிண்ட் பேனா ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். உள்ளே ஒரு பெண் அளவு கொடுக்க நின்றிருந்தாள். டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பழைய நோட்டைப் புரட்டியவர், "வெள்ளத்துல எல்லாரும் இளைச்சாங்க, நீ மட்டும் ஒரு இஞ்ச் ஏறியிருக்கியேம்மா" என்றார். முகாமில் மூன்று வேளையும் பொங்கல் போட்டார்கள் என்று அவள் பதில் சொன்னாள்.