கரடி வந்த வாரம்

திரையரங்கில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு படத்தை முழுதாகப் பார்க்கும் கொடுப்பினை கிடையாது. துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். ஆனால் அதே துண்டை வேறு வேறு கூட்டத்தோடு திரும்பத் திரும்பப் பார்க்கலாம். லண்டனில் முதுகலை படித்த காலத்தில் நான் பார்த்த பகுதிநேர வேலை அது. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் அரங்காக நுழைந்து, ஒலி சரியாக இருக்கிறதா, குளிர் அதிகமா, யாராவது செல்போனில் படம் பிடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தாளில் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். கண் திரையில் இருப்பதைவிடக் கூட்டத்தின் மேல்தான் அதிகம் இருக்கும். 2023 பிப்ரவரி 24 அன்று வெளியான ‘கொகைன் பேர்’ படத்தை நான் பார்த்ததும் இப்படித்தான்.

கதை ஒரு வரிதான். காட்டுக்கரடி ஒன்று கடத்தல்காரன் விமானத்திலிருந்து வீசிய கொகைனைத் தின்றுவிட்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கிழித்துப் போடுகிறது. இதற்கு அடியில் உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. போதைத் தடுப்புப் போலீசாக இருந்து பிறகு கடத்தலில் இறங்கிய ஆண்ட்ரூ தார்ன்டன் 1985 செப்டம்பரில் விமானத்திலிருந்து குதித்தபோது பாராசூட் சரியாக விரியாமல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் விழுந்து இறந்தார். அவர் வீசிய சரக்கைத் தின்ற கரடி ஒன்று சில மாதம் கழித்து ஜார்ஜியா காட்டில் செத்துக் கிடந்தது. நிஜக் கரடி யாரையும் கொல்லவில்லை; அதன் உயிர்தான் போயிற்று. இயக்குநர் எலிசபெத் பேங்க்ஸ் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டார். படத்தில் வரும் கரடி முழுக்க முழுக்கக் கணினியில் பிறந்தது. ஜார்ஜியா என்று காட்டப்படும் காடும் பெரும்பாலும் அயர்லாந்தின் விக்லோ பகுதிதான்.

பிரிட்டனில் படத்துக்கு ‘15’ சான்றிதழ். பதினைந்து நிறையாதவரைப் பெற்றோர் கூடவே வந்தாலும் உள்ளே விடக் கூடாது. சிறுவர் கதைகளில் வரும் சாதுவான பேடிங்டன் கரடியைக் கொண்டாடும் ஊர் அல்லவா, கரடிப் படம் என்றதும் பிள்ளையோடு வந்து நின்ற அப்பாக்களும் இருந்தார்கள். பெயரின் முதல் பாதியை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர். படத்தில் வரும் இரண்டு சிறுவர்கள் வீம்புக்குக் கொகைனை வாயில் போட்டுப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளின் வயதை ஒத்தவர்கள் யாரும் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது என்பது சட்டத்தின் வேடிக்கை.

முதல் வெள்ளிக்கிழமை இரவு பெரிய அரங்கு நிரம்பி வழிந்தது. என் சுற்று ஆம்புலன்ஸ் காட்சியோடு சேர்ந்து வந்தது. பின்கதவு திறந்தபடி ஆம்புலன்ஸ் பறக்கிறது, கரடி நாலுகால் பாய்ச்சலில் துரத்துகிறது. பின்னணியில் டெப்பேஷ் மோட் குழுவின் துள்ளலான 1981 பாட்டு. அது லண்டனுக்குப் பக்கத்து எசெக்ஸ்காரர்களின் குழு என்பதால், நாற்பது ஐம்பது வயதுக்காரர்களின் தலைகள் முதல் தாளத்திலேயே ஆட ஆரம்பித்துவிட்டன. கரடி வண்டிக்குள் தாவியதும் அரங்கே ‘ஓ’ என்றது. பிறகு ஸ்ட்ரெச்சரில் கட்டப்பட்டிருந்த பெண் வனக்காவலர் வெளியே வீசப்பட்டுத் தார்ச்சாலையில் முகம் தேய இழுபடுகிறார். ஒரு நொடி அரங்கு மூச்சைப் பிடித்தது. எங்கோ நடுவரிசையில் ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்தார். அவ்வளவுதான், அனுமதி கிடைத்ததுபோல முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அதே அரங்கு, அதே காட்சி. ஏழெட்டுப் பேர் மூலைக்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் சாலையில் தேய்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நகைச்சுவைப் படமாகவே தெரியவில்லை. ஒரு மனுஷி கொடூரமாகச் சாகிறாள், அவ்வளவுதான். படச்சுருளில் ஒரு கட்டம்கூட மாறவில்லை என்று சொல்ல வந்தேன். இப்போது சுருள் எங்கே இருக்கிறது, எல்லாம் வன்தட்டுதான்.

திகில் நகைச்சுவையின் சிக்கலே இங்குதான் இருக்கிறது. பயம் தனியாக இருப்பவனுக்கும் வரும். அடுத்தவன் குடல் சரிவதைப் பார்த்துச் சிரிப்பதற்குத் துணை வேண்டும். கொலைகார விலங்கை வைத்துச் சிரிக்க வைக்கும் படங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பேய்க்காவது ஒரு பழிவாங்கும் கதை இருக்கும், கரடிக்கு என்ன நியாயம் இருக்கிறது? பக்கத்து இருக்கைக்காரன் சிரித்தால்தான் அது விளையாட்டு.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்று ஊழியர் அறையில் விவாதம் நடக்கும். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு. அந்த விழுக்காட்டை மாணவன் வாங்கிய மதிப்பெண்போலப் படிப்பவர்கள்தான் அதிகம். எத்தனை பேர் ‘தேறும்’ என்றார்கள் என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. ‘தேறும்’ என்றவர்களும் பல குறைகளைச் சொல்லியிருந்தார்கள். மனிதப் பாத்திரங்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன, கரடி இல்லாத இடங்களில் படம் தொய்கிறது, தலைப்பில் இருக்கும் குறும்பு திரைக்கதை முழுக்க நீடிக்கவில்லை என்பவை அவற்றில் முக்கியமானவை. அமெரிக்காவில் முதல்நாள் பார்வையாளரிடம் வாசலிலேயே அட்டை கொடுத்துக் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோரில் கிடைத்தது ‘பி மைனஸ்’. மற்ற வகைப் படங்களுக்கு அது சுமார். ‘சி’ வாங்குவதே வழக்கமாகிவிட்ட திகில் படங்களுக்கு அது மோசமில்லை.

விமர்சகர்களும் மக்களும் எதிரெதிர் அணி என்று பேசுவது வழக்கம். வாசலில் குப்பைப் பையோடு நின்று கேட்டவனுக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே வந்தவர்கள் சொன்ன குறையும் அதுவேதான்: “கரடி போதவில்லை.” ரத்தம் அதிகம் என்று என்னிடம் முறையிட்டவர் அபூர்வம். வேறுபாடு விலையில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் காட்சிக்காக மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார்கள் வெள்ளிக்கிழமைக்காரர்கள். முடியாது என்றார்கள் சில விமர்சகர்கள். 95 நிமிடத்தில் முடிகிற படம் என்பதால் நான் வெள்ளிக்கிழமைக் கட்சி. அங்கே இடைவேளை கிடையாது என்பதும் படத்துக்கு நல்லதாகப் போயிற்று. நம் ஊர்போல நடுவில் விளக்கைப் போட்டு, தேநீரும் பஃப்ஸும் கையில் கொடுத்திருந்தால், தொய்வைப் பற்றிப் பேசித் தீர்த்திருப்பார்கள்.

தலைப்பால் மட்டும் கூட்டம் வந்துவிடும் என்று சொல்வதும் சரியல்ல. 2006 ஆகஸ்டில் வந்த ‘ஸ்னேக்ஸ் ஆன் எ பிளேன்’ (விமானத்தில் பாம்புகள்) படத்தின் தலைப்பை இணையம் ஏறக்குறைய ஓராண்டு வைத்துக் கும்மாளமடித்தது. விமர்சகர்களுக்கு முன்காட்சிகூட வைக்காமல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் ஒன்றரைக் கோடி டாலரை ஒட்டியே நின்றது. கேலி செய்த பலருக்குக் கேலியே போதுமானதாக இருந்துவிட்டது, டிக்கெட் தேவைப்படவில்லை. கரடி அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 2 கோடியே 30 லட்சம் டாலர் ஈட்டியது. முன்னோட்டத்தில் ஆம்புலன்ஸ் துரத்தலை ஒளிக்காமல் காட்டியதற்கும் அதில் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

எங்கள் டிக்கெட் கவுன்டரில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். இணையத்தில் வாங்காமல் நேரில் வரும் மதியக் கூட்டத்துக்கு இருக்கை போடுவது அவர் வேலை. நகைச்சுவைப் படம் என்றால் நடுவில் இரண்டு வரிசைக்குள் எல்லோரையும் அடக்கிவிடுவார். காலை நீட்டிக்கொள்ள ஓரத்தில் இடம் கேட்பவர்களிடம்கூட, “திரை இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்” என்று சிரித்தபடி நடுவில் தள்ளிவிடுவார். “தள்ளித் தள்ளி இருத்தினால் ஆர் சிரிப்பார்கள் தம்பி?” என்பார். கரடிப் படத்தின் முதல் வாரம் அவர் விடுப்பில் இருந்தார்.

மார்ச் 3 அன்று ‘கிரீட் 3’ என்ற குத்துச்சண்டைப் படம் வந்து பெரிய அரங்கைப் பிடித்துக்கொள்ள, கரடி கோடியிலிருந்த சின்ன அரங்குக்குத் தள்ளப்பட்டது. ஒரு படத்துக்கு அது இறங்குமுகம் என்றுதான் கணக்கு. ஆனால் அங்கே நாற்பது பேர் வந்தாலே இடம் நிறைந்துவிடும். அக்காவும் திரும்பி வந்துவிட்டார். மதியக் காட்சியிலேயே ஆம்புலன்ஸுக்குச் சிரிப்பு கிளம்பியது. இப்படிப்பட்ட படங்களின் வாரநாள் காட்சிகளை முதல் நாளிலிருந்தே சின்ன அரங்கில் போடலாமே என்று மேலாளரிடம் சொன்னேன். வசூல் தாளைப் புரட்டிக்கொண்டே, பெரிய அரங்கு கேட்டுத்தான் விநியோகஸ்தர் ஒப்பந்தம் போடுகிறார், சிரிப்புக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்றார்.