வளைவுக்குக் கீழே

வளைவுப் பாலம் என்றால் எல்லார் கண்ணும் மேலே உள்ள வளைவில்தான் போய் நிற்கும். எஃகுப் பாலங்களைச் சோதிக்கும் எங்களுக்கே புதிதில் அப்படித்தான். வேலை பழகப் பழகப் பார்வை கீழே இறங்கிவிடும். சுமை ஏறும்போது வளைவின் இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும். பல பாலங்களில் அவற்றை இழுத்துப் பிடித்திருப்பது சாலை மட்டத்தில் நீளும் எஃகு உத்தரம்தான். வில்லுக்கு நாண் போல. வளைவு அழுத்தத்தில் இருப்பதால் சின்ன விரிசலைப் பொறுத்துக்கொள்ளும். இழுவிசையில் இருக்கும் உத்தரத்திடம் அந்தப் பொறுமை கிடையாது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் எர்னாண்டோ டி சோட்டோ பாலம் இந்த வகை. 1973இல் திறக்கப்பட்ட இரட்டை வளைவுப் பாலம். நான் அதில் வேலை செய்ததில்லை. ஆனால் எங்கள் தொழிலில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 2021 மே 11 அன்று சோதனைக்குப் போனவர்கள் அந்த நாண் உத்தரத்தில் பெரிய பிளவைக் கண்டார்கள். மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. அவசர உதவி எண்ணை அழைத்துப் போக்குவரத்தை நிறுத்தச் சொன்னார்கள். கீழே ஆற்றிலும் படகுகள் நிறுத்தப்பட்டன. ஆறு சில நாட்களில் திறந்தது. சாலை முழுதாகத் திறக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. பட்டறையில் தகடுகளை வெல்டிங் செய்தபோதே ஹைட்ரஜனால் விழுந்த கீறல், பின்னாளில் வளர்ந்து பிளந்தது என்று ஆய்வில் தெரிந்தது.

என்னை உறுத்துவது இன்னொன்று. 2019இல் டிரோனில் எடுத்த காட்சியிலேயே அந்த விரிசல் இருந்தது. கருவி தன் வேலையைச் செய்துவிட்டது.

விரிசல் பெரிதாகும்வரை விரிசலாகத் தெரியாது. பெயின்டின் மேல் ஒரு மெல்லிய துருக்கோடு, அவ்வளவுதான். டார்ச்சை நேராக அடித்தால் அதுவும் மறைந்துவிடும். தகட்டை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால்தான் விளிம்பில் நிழல் விழும். புறா எச்சத்தைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சந்தேகம் தீராவிட்டால் பெயின்டை எடுத்துவிட்டுக் காந்தத் துகள் தூவிப் பார்க்க வேண்டும். சில இடங்களில் கனரக லாரி போகும்போது இரண்டு விளிம்பும் உரசிச் செந்நிறப் பொடி உதிரும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு மற்ற வேலை எதுவும் ஓடாது. பெரும்பாலும் வெறும் பெயின்ட் வெடிப்பாகத்தான் இருக்கும். அப்படி ஏமாறுவதும் சம்பளத்தில் சேர்த்திதான்.

இதற்கெல்லாம் எதிரி கையில் இருக்கும் பழைய அறிக்கை. "சார், போன தடவை இந்த இணைப்பில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்களே" என்றான், எங்களை உத்தரத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்தும் இயந்திரக் கூடையில் என்னோடு நின்ற இளைஞன். "அதைப் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறாய்? இனி இருந்தாலும் உன் கண்ணில் படாது" என்றேன். அவனுக்குக் கோபம். ஆனாலும் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தான்.

பழைய அறிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பு அளந்த விரிசல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் பாலத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் காகிதத்தைப் பிரிக்கலாம் என்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இதற்கு வரவேற்பில்லை. ஒரே இடத்துக்குக் கூடையை இரண்டு முறை கொண்டுபோக வேண்டிவரும், அதுவரை சாலையில் ஒரு தடம் மூடியிருக்க வேண்டும், போக்குவரத்துக் காவலர்கள் நச்சரிப்பார்கள். நியாயமான கவலைகள்தான். அடுத்த சோதனைக்குக் கூடுதல் நேரம் கேட்டு எழுதியிருக்கிறேன். எந்தப் பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.