நீரிலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய ட்ரையத்லானுக்கு நான் ஓட்டத்தின் வழியாக வந்தவன். அரை மராத்தான் ஓடிப் பழகிய உடம்பு இருந்தது, சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்தது, நீச்சல் மட்டும் மூழ்காமல் கரையேறும் அளவுக்கே வந்தது. இந்தக் கைமுதலோடு தொடங்கி, வயதுப் பிரிவில் இடம் பிடிப்பதற்காகப் போட்டியிடும் நிலைக்கு வந்து சேர்ந்த வழியை, அதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் தூரம் எனப்படுவது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் முதன்முறையாக இடம்பெற்றபோது நடந்ததும் இந்தத் தூரமே. அதில் பாதி, ஸ்பிரிண்ட் தூரம். ஆனால் ட்ரையத்லான் என்றதும் பலருடைய மனத்தில் எழுவது 3.8 கி.மீ. நீச்சலும் 180 கி.மீ. சைக்கிளும் அதற்கு மேல் ஒரு முழு மராத்தானும் கொண்ட அயர்ன்மேன்தான். 1978இல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள் என்ற செய்தி இன்றும் எனக்குச் சிலிர்ப்பைத் தருகிறது. ஆனாலும் போட்டியிட விரும்புகிறவர் அங்கே தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நீண்ட தூரத்தில் புதியவருக்கு முடிப்பதே இலக்காகிவிடும். ஸ்பிரிண்ட் தூரத்திலோ உடம்பு சீக்கிரம் தேறிவிடுவதால் ஒரே பருவத்தில் மீண்டும் மீண்டும் பந்தயத்தில் இறங்கலாம். வேகத்தை எங்கே கூட்டுவது, எங்கே அடக்குவது என்பதை அந்த மறுபடிகள் மட்டுமே கற்றுத் தரும்.

என் உழைப்பில் பெரும்பகுதி நீச்சலுக்கே போயிற்று. ஓடிப் பழகியவர்களின் கணுக்கால் இறுகியிருக்கும். நீரில் பாதத்தைப் பின்னுக்கு நீட்ட வராது. கால்கள் தாழ்ந்துபோய் உடம்பையே பின்னிழுக்கும். அதை ஈடுகட்ட வேகமாக உதைத்தால் மூச்சுதான் வாங்கும். இந்தச் சிக்கல் வலிமையால் தீர்வதில்லை. தலையைத் தாழ்த்தி, மார்பை நீரில் சற்று அழுத்தி, இடுப்பு மேலே மிதக்கும் நிலையை உடம்புக்குப் பழக்க வேண்டும். அதைவிட முக்கியமானது மூச்சை விடுவது. நீரில் மூச்சு முட்டுவது பெரும்பாலும் காற்று போதாமையால் அன்று. உள்ளே இழுத்த காற்றை வெளியே விடாமல் அடக்கிவைப்பதால்தான். முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருந்தால், தலையைத் திருப்பும்போது இழுப்பது மட்டுமே மிச்சமிருக்கும். இது பிடிபட்ட வாரத்தில், நீச்சல் குளத்தின் ஒவ்வொரு முனையிலும் நின்று நின்று போன நான் நிற்காமல் நீந்தத் தொடங்கினேன்.

திறந்த நீர்நிலை வேறு உலகம். அடியில் கோடு கிடையாது, பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது, பக்கத்தில் நீந்துபவரின் கை நம் தோளிலும் கால் நம் முகத்திலும் படும். சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வரும்படி தலையை உயர்த்தி, மிதவையைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தலை கூடுதலாக உயர்ந்தால் இடுப்பு தாழ்ந்துவிடும். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதக்கலாம், பாதுகாப்புக்கு நிற்கும் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். படகின் உதவியால் முன்னே நகராமல் இருக்கும் வரையில் விதி இதைத் தடுப்பதில்லை. இந்த ஒரு விதியைத் தெரிந்துவைத்திருந்ததே முதல் பந்தயத்தில் எனக்குப் பாதித் தைரியத்தைக் கொடுத்தது. பந்தயத்துக்கு முன் குளிர்ந்த நீரில் முகத்தை நனைத்து மூச்சைச் சீராக்கிக்கொள்வதை இன்றுவரை நான் விட்டதில்லை.

மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி சைக்கிளில் கழிகிறது என்றாலும், அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறைவாகவே இருக்கிறது. விலை உயர்ந்த சைக்கிளைவிட, நம் உடம்பின் அளவுக்குச் சரியாகப் பொருத்திய இருக்கையும் கைப்பிடியும் அதிகம் உதவும். ஒலிம்பிக்கில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயதுப் பிரிவுப் போட்டிகள் பெரும்பாலானவற்றில் அதற்கு அனுமதி இல்லை. முன்னே செல்பவரிடமிருந்து குறிப்பிட்ட இடைவெளியை, பல போட்டிகளில் 10 அல்லது 12 மீட்டரை, விட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதற்குள் நுழைந்தால் குறித்த நேரத்துக்குள் முந்திவிட வேண்டும், இல்லையேல் தண்டனை நேரம் உண்டு. ஆகவே முழுத் தூரத்தையும் காற்றோடு தனியாகப் போராடக் கற்க வேண்டும். ஏற்றத்தில் எழும் ஆவேசத்தை அடக்கி, மிதிக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றுகளுக்குள் சீராக வைத்திருந்தால், இறங்கும்போது கால்களில் ஓட்டத்துக்கு ஏதாவது மிஞ்சும்.

முடிப்பவர் போட்டியாளராக மாறும் இடம் என்று நான் கருதுவது, இந்த மூன்றுக்கும் நடுவே, ஒன்றை முடித்து அடுத்ததற்கு மாறும் டிரான்சிஷன் பகுதியைத்தான். எனக்கு இதை உணர்த்தியவர் என்னைவிட மிகவும் மூத்த ஒரு வீராங்கனை. பந்தயம் தொடங்குவதற்கு முன், மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கரையிலிருந்து தம் சைக்கிள் நிற்கும் கம்பிவரை நடந்தார், திரும்பிப் போனார், மறுபடியும் நடந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, “வரிசையை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, தண்ணீரிலிருந்து வரும்போது எல்லா சைக்கிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும்” என்றார். அவருடைய துண்டின் மீது ஓட்டக் காலணிகள் வாய் திறந்தபடி, எலாஸ்டிக் கயிறு கட்டி இருந்தன. பந்தய எண் கோத்த இடுப்புப்பட்டை அவற்றின் மேல். தலைக்கவசம் கைப்பிடியில் கவிழ்த்து, வார்கள் இரண்டும் வெளிப்பக்கம் விழும்படி, அதற்குள் கண்ணாடி. தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும், சைக்கிளைத் திரும்ப வைத்த பிறகே வாரை அவிழ்க்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் தனித்தனிக் கோடுகள் உண்டு. ஈரக் கையோடு, இதயம் படபடக்க, அந்த வாரின் கொக்கியை மாட்டிப் பார்த்தால்தான் பயிற்சியின் தேவை விளங்கும். அன்று முதல் நானும் வீட்டு வாசலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இதையே திரும்பத் திரும்பச் செய்தேன்.

இரண்டாவது மாற்றம் உடம்புக்குள் நடப்பது. சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் வேறு யாருடையவோ போல இருக்கும். தொடை கனக்கும், அடி குட்டையாக விழும். இதற்கு மருந்து, சைக்கிள் பயிற்சி முடித்து இறங்கிய கையோடு ஓடுவதே. ‘பிரிக்’ என்று சொல்லப்படும் இந்தப் பயிற்சியில் நீண்ட தூரம் ஓடத் தேவையில்லை, பதினைந்து இருபது நிமிடங்கள் போதும். கடைசிக் கிலோமீட்டரில் பல் சக்கரத்தை இலகுவாக்கி வேகமாக மிதித்துக் காலைத் தளர்த்திக்கொள்வேன். இன்னொரு விந்தை, சைக்கிள் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் மெதுவாகத் தோன்றுவது. உணர்வை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்து முதல் கிலோமீட்டரை அடக்கி ஓடியவர்களே கடைசி இரண்டு கிலோமீட்டரில் பிறரைக் கடந்து செல்கிறார்கள் என்பதைப் பந்தயத்துக்குப் பந்தயம் கண்டிருக்கிறேன்.

வயதுப் பிரிவுகள் பெரும்பாலும் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று நிறையும் வயதே கணக்கு. முடிவுப் பட்டியலில் நீச்சல், முதல் மாற்றம், சைக்கிள், இரண்டாம் மாற்றம், ஓட்டம் என ஐந்து நேரங்கள் தனித்தனியாக இருக்கும். என் பிரிவில் மூன்றாம் இடம் பெற்று முதன்முறையாக மேடையேறிய நாளில், நான்காவதாக வந்தவர் நீச்சலிலும் சைக்கிளிலும் என்னைவிட வேகமானவர் என்பதை அந்தப் பட்டியல் காட்டியது. அவரை நான் முந்தியது இரண்டு மாற்றங்களிலும் ஓட்டத்திலும். எனக்கு முன்னே வந்த இருவரோ நீரிலிருந்தே வெகுதூரம் விலகிப் போயிருந்தார்கள். மாற்றங்களில் இனிக் குறைக்கச் சில நொடிகளுக்கு மேல் இல்லை என்பதால், ஒலிம்பிக் தூரத்தில் இறங்கப்போகும் வரும் பருவத்துக்கான பயிற்சியில் ஓட்ட நாள் ஒன்றைக் குறைத்து, அதை நீச்சலுக்குக் கொடுத்திருக்கிறேன்.